காலாவதித் திகதி

மத்திய வீதிப் பாமசியில்
மாதம் ஒருநாள் தட்டுகளைக் கவிழ்ப்பேன்.
பெட்டி ஓரத்துச் சின்ன எழுத்தைக்
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு வாசிப்பேன்.
நாள் கடந்ததன் மேல் சிவப்புப் பேனையால்
குறுக்கே ஒரு கோடு.
அதற்குப் பிறகு அது மருந்தில்லை.

அப்படி ஒரு நாளில்தான் போன் அடித்தது.
"குலேந்திரன் தவமலர் நீங்கதானே?
இரண்டாயிரத்து ஒன்று, ஒக்டோபர்,
ஒன்பது நாள், நாலாம் இலக்க அறை.
அப்போது நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு.
இப்போது" (அவர் மூச்சு வாங்கினார், நான் வாங்கவில்லை)
"நாலு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம்."

கண்டியில் அந்த ஆஸ்பத்திரி மூடிப் பதினாறு வருஷம்.
போன முறை பார்த்தேன், சப்பாத்துக் கடை.
நாலாம் இலக்க அறை இருந்த உயரத்தில்
குழந்தைகளின் பள்ளிச் சப்பாத்து, பாதி விலை.
டொக்டர் கனடாவில். கட்டில்கள் எங்கேயோ.
கடனை மட்டும் யாரோ
பழைய இரும்பைப்போல் நிறுத்து வாங்கியிருக்கிறார்கள்.

பிறகு அவர்கள் நேரம் பார்க்கவில்லை.
அரிசி களையும்போது,
காளி கோயில் மணி அடிக்கும்போது,
ஒருநாள் மகளின் கந்தோருக்கே எடுத்து
"உங்கட அம்மா கட்டவேண்டியது" என்றார்கள்.
அவளுக்கு அப்போது இரண்டு வயது.
அப்பாவின் குரல்கூடத் தெரியாதவளுக்கு
அவருடைய பில் தெரிந்துவிட்டது.

ஏகாம்பரம் வீதிச் சட்டத்தரணி
கோப்பைத் திறக்காமலே சொன்னார்:
"செத்த கடன், தங்கச்சி.
ஆனால் பத்து ரூபாய் கட்டினாலும் எழும்பி உட்காரும்.
ஓம் என்று எழுதிக் கொடுத்தாலும் எழும்பும்.
கவனம்."

செத்தது எழும்பப் பத்து ரூபாய் போதுமென்று
அந்த ஒக்டோபரில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆள் நேரில் வந்தது.
நஸ்மி. கிண்ணியாப் பெடியன், கையில் ஹெல்மெட்.
நகலை நகலெடுத்து அதையும் நகலெடுத்த தாளில்
என் கையெழுத்து எறும்பு வரிசைபோல்.
"அக்கா, ஒரு ஐந்நூறு போடுங்க, நல்லெண்ணத்துக்கு.
மிச்சத்தை நான் மேலிடத்தில கதைக்கிறன்."
"மூலப் பத்திரத்தைக் கொண்டுவாங்க தம்பி.
எழுத்தில கேளுங்க. எழுத்தில சொல்லுறன்."
மூன்று தரம் கேட்டார்.
மூன்று தரமும் அதே வசனம்,
இரவிரவாகப் பாடமாக்கியது.
மேசைக்குக் கீழே கால் நடுங்கியது.

கடனில்லாதவள் என்று நான் சொல்லவில்லை.
ஒன்பதாம் இரவு அவரைக் கொண்டுவந்த வான்காரர்
ஆறு சோதனைச் சாவடியிலும் எனக்காக இறங்கினார்.
ஆறு தரமும் துணியை விலக்கி
முகத்தைக் காட்டி, திரும்ப மூடினார்.
மட்டிக்களியில் விடியப்புறம்
ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.
காசு வாங்கவில்லை. நான் பெயர் கேட்கவில்லை.
அந்தக் கணக்குக்கு இதுவரை
ஒருவரும் போன் எடுத்ததில்லை.

போகிற நேரம் நஸ்மி நெஞ்சைத் தடவினார்.
காலையிலிருந்து சாப்பிடவில்லை, எரியுதாம்.
இரண்டு குளிசை வெட்டிக் கொடுத்தேன்,
திகதி பார்த்துத்தான்.
சில்லறை எட்டு ரூபாய் குறைந்தது.
"பிறகு தாங்க."
கொஞ்சம் நின்றார்.
கொப்பியில் எழுதுவேன் என்று நினைத்தாரோ.

திங்கட்கிழமை இறுதி அறிவித்தல் வந்தது,
ஜன்னல் வைத்த உறையில்.
கடிதத்தைக் கோப்பில் போட்டேன்.
பதிலைப் பதிவுத் தபாலில் போட்டேன்.
உறையை வாசலில் போட்டது என் பிழை.

தெருவில் திரிகிற மான்களில் ஒன்று,
காதில் கிழிசல் உள்ளது,
தாளைத் தின்று முடித்து
என் பெயர் தெரிந்த இடத்துப் பொலித்தீனை
மென்றுகொண்டிருந்தது.

ஓடிப்போய்த் தாடையைப் பிடித்து
விரல் விட்டு, எச்சில் வழிய,
மெல்ல மெல்ல இழுத்தெடுத்தேன்.
கடிக்கவில்லை. ஓடவுமில்லை.
இன்னும் ஏதும் இருக்கா என்று
என் வெறுங்கையை மணந்து பார்த்தது.